ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தில் 'ஜெனரல் ரிலீஸ்': கடையைப் புதுப்பிக்கும்போது எதை விட்டுக்கொடுக்கிறீர்கள்?

வேலையை விட்டுக் கிளம்பும்போது எச்.ஆர். ஒரு 'ஃபுல் அண்ட் ஃபைனல்' கடிதம் நீட்டுவார்கள். "நிறுவனத்திடமிருந்து எனக்கு வரவேண்டியது இனி எதுவும் இல்லை" என்று அதில் ஒரு வரி இருக்கும். கடைசி மாதச் சம்பளம் வந்தால் போதும் என்று பெரும்பாலோர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்களிலும் இதே வரி உண்டு. பெயர் 'ஜெனரல் ரிலீஸ்'. ஆனால் அங்கே நீங்கள் வேலையை விட்டு வெளியே வருகிறீர்கள். இங்கே பல லட்சம் போட்ட கடையைத் தொடர்ந்து நடத்துவதற்காகவே அந்த வரியில் கையெழுத்துப் போடுகிறீர்கள். போடாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

டீக்கடை, பேக்கரி, ஜிம், சலூன், பிளே ஸ்கூல், டயக்னாஸ்டிக் சென்டர் என்று சம்பளத்தில் சேர்த்த பணத்தை ஃபிரான்சைஸில் போட நினைக்கும் இளைஞர்கள் இப்போது நிறைய. ஒப்பந்தம் கைக்கு வந்ததும் ஃபிரான்சைஸ் கட்டணம் எவ்வளவு, ராயல்டி எத்தனை சதவீதம், எந்த ஏரியா என்று மூன்றைப் பார்ப்பார்கள். ஜெனரல் ரிலீஸ் இருப்பது பின்பக்கங்களில், 'புதுப்பித்தல்', 'உரிமை மாற்றம்' என்ற தலைப்புகளுக்குக் கீழே.

அந்த வரி என்ன செய்யும், இந்தியச் சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது, கையெழுத்துக்கு முன்னால் நீங்கள் என்ன கேட்கலாம்? பார்ப்போம்.

ஜெனரல் ரிலீஸ் என்றால் என்ன?

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு 'விடுதலைப் பத்திரம்' தெரியும். அண்ணன் தம்பிகளில் ஒருவர் பூர்வீகச் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது. அதில் சர்வே எண், அளவு, நான்கு எல்லை எல்லாம் இருக்கும். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெளிவு.

ஜெனரல் ரிலீஸும் ஒரு விடுதலைப் பத்திரம்தான். ஆனால் சர்வே எண் இருக்காது. "எங்கெங்கே எனக்குப் பங்கு இருக்கிறதோ, எனக்கே தெரியாத இடத்தில் இருந்தாலும், அத்தனையையும் விட்டுவிட்டேன்" என்று எழுதிக் கொடுப்பது போன்றது.

வழக்கமான ஒப்பந்த வாசகத்தைத் தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி வரும்: "ஃபிரான்சைஸ் எடுப்பவரும், அவருடைய பங்குதாரர்கள், ஜாமீன்தாரர்கள், வாரிசுகள் ஆகியோரும், பிராண்ட் நிறுவனம், அதன் தாய் நிறுவனம், துணை நிறுவனங்கள், இயக்குநர்கள், ஊழியர்கள், முகவர்கள் ஆகியோர் மீது இந்தத் தேதி வரை உள்ள, தெரிந்த மற்றும் தெரியாத, எல்லா உரிமைக்கோரல்களிலிருந்தும் அவர்களை முழுமையாக விடுவிக்கிறார்கள்."

இதில் நான்கு விஷயங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்.

யார் விடுவிக்கிறார்? நீங்கள் மட்டும் அல்ல. பெர்சனல் கேரண்டி கொடுத்த மனைவி, கணவர், அப்பாவும் சேர்ந்து வரலாம்.

யாரை விடுவிக்கிறார்? ஒப்பந்தம் போட்ட கம்பெனியோடு நிற்காது. அது கைகாட்டிய இன்டீரியர் கான்ட்ராக்டர் 'முகவர்' என்ற சொல்லுக்குள் வந்தால், அவரும் தப்பிவிடுவார்.

எதை விடுவிக்கிறார்? 'தெரியாத' என்ற சொல்தான் விலை உயர்ந்தது. உங்களுக்குப் பணம் வரவேண்டியிருக்கிறது என்பதே தெரியாவிட்டாலும் அந்த உரிமை போய்விடும்.

எந்தப் பக்கம்? பெரும்பாலும் ஒருவழிப் பாதை. நீங்கள் கம்பெனியை விடுவிப்பீர்கள். கம்பெனி உங்களை விடுவிக்காது. பழைய ராயல்டி பாக்கி என்று அடுத்த மாதமே அவர்கள் நோட்டீஸ் அனுப்பலாம்.

எப்போது கேட்பார்கள்?

முதல் கையெழுத்தின்போது இது வெறும் நிபந்தனையாக இருக்கும்: "புதுப்பிக்கும் நேரத்தில் ஃபிரான்சைஸ் எடுப்பவர் ஜெனரல் ரிலீஸ் தர வேண்டும்." ஐந்து வருடம் கழித்து நடக்கப்போவதைப் பற்றி அன்றைக்கு யாரும் கவலைப்படுவதில்லை.

உண்மையான பத்திரம் மேசைக்கு வரும் தருணங்கள் நான்கு.

• ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கும்போது.
• கடையை வேறொருவருக்கு விற்று, ஃபிரான்சைஸை மாற்றிக் கொடுக்கும்போது.
• ராயல்டி குறைப்பு, தவணை நீட்டிப்பு, கடை இடமாற்றம் போன்ற சலுகை கேட்கும்போது.
• ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு டெபாசிட்டைத் திரும்ப வாங்கும்போது.

நான்கிலும் ஒன்று பொது: உங்களுக்கு அவசரம், அவர்களுக்கு இல்லை. புதுப்பிக்கும் நேரத்தில் கடை வாடகை ஓடிக்கொண்டிருக்கும், பேங்க் இ.எம்.ஐ. பாக்கி இருக்கும், ஐந்தாறு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். விற்கும் நேரத்தில் வாங்குபவர் அட்வான்ஸோடு காத்திருப்பார். அந்த நிலையில் "இந்த ஒரு பாராவை மாத்துங்க" என்று சொல்லும் தெம்பு பலருக்கும் இருக்காது. அதனால், அந்தப் பாராவைப் பற்றிப் பேச வேண்டிய நாள் முதல் கையெழுத்துக்கு முந்தைய நாள். அன்றைக்குத்தான் பணம் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது.

எவ்வளவு பணம் போகலாம்?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். உங்கள் கடையில் மாதம் 5 லட்சம் ரூபாய் விற்பனை. விளம்பர நிதிக்கு 2 சதவீதம், அதாவது மாதம் 10,000 ரூபாய் கட்டுகிறீர்கள். ஐந்து வருடத்தில் 6 லட்சம். விளம்பரத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. கணக்கை யாரும் காட்டவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

அடுத்து சரக்கு. கம்பெனி சொல்லும் சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும். மாதம் 1.5 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள். சப்ளையர் அதில் 5 சதவீதத்தைக் கம்பெனிக்குத் திருப்பித் தருகிறார். அப்படி வரும் தள்ளுபடி கடைகளுக்கே சேரும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், மாதம் 7,500 ரூபாய் உங்களுடையது. ஐந்து வருடத்தில் 4.5 லட்சம்.

ஐந்தாம் வருட முடிவில் ரிலீஸ் கொடுத்துப் புதுப்பிக்கிறீர்கள். ஏழு மாதம் கழித்து, சப்ளையரின் பழைய ஊழியர் ஒருவர் மூலம் இந்தத் தள்ளுபடி விஷயம் தெரியவருகிறது. விளம்பர நிதியிலும் பாதி, புதிய ஃபிரான்சைஸ் விற்கத்தான் போயிருக்கிறது என்று தெரிகிறது. மொத்தம் 10.5 லட்சத்தைப் பற்றிக் கேள்வி கேட்க நினைத்தால், பதில் ஒரே வரியில் வரும்: "நீங்கதான் ரிலீஸ் கொடுத்துட்டீங்களே சார்."

இன்னும் இரண்டு இடங்களில் இது வலிக்கும். ஒன்று, ஏரியா உரிமை. உங்களுக்கு மூன்று கிலோமீட்டர் தனி உரிமை தந்துவிட்டு, அதே வட்டத்துக்குள் ஒரு கிளவுட் கிச்சனில் இருந்து டெலிவரி ஆப் வழியாக அதே பிராண்டை விற்றிருக்கலாம். ஆர்டர் எங்கிருந்து கிளம்புகிறது என்று உங்களுக்கு உடனே தெரியாது.

இரண்டு, ஜி.எஸ்.டி. நீங்கள் கட்டும் ராயல்டிக்கும் ஃபிரான்சைஸ் கட்டணத்துக்கும் மேல் ஜி.எஸ்.டி. சேர்த்து வாங்குவார்கள். அந்த வரிக்கு நீங்கள் இன்புட் கிரெடிட் எடுப்பவராக இருந்தால் கவனம் தேவை. சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16(2)(சி) பிரிவின்படி, விற்றவர் அந்த வரியை அரசுக்குக் கட்டியிருந்தால்தான் கிரெடிட் செல்லும். கம்பெனி கட்டாமல் விட்டிருந்தால் நோட்டீஸ் உங்களுக்கு வரும், அதுவும் சில வருடங்கள் கழித்து. அதற்குள் ரிலீஸ் கொடுத்திருந்தால், இழந்த தொகையைக் கம்பெனியிடம் திருப்பிக் கேட்பது சிக்கலாகிவிடும்.

கம்பெனி ஏன் கேட்கிறது?

இதில் சூழ்ச்சி மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அடுத்த ஐந்து வருடம் ஒன்றாக வேலை செய்யப்போகும் இருவர், பழைய கணக்கைத் தீர்த்துவிட்டுத் தொடங்குவது நியாயமான ஆசை. நூறு கடைகள் உள்ள பிராண்டுக்கு, ஒவ்வொரு கடையிலும் பழைய புகார் எப்போது கிளம்புமோ என்ற நிலை கஷ்டம்தான். முதலீட்டாளர் வரும்போது "நிலுவையில் உள்ள தகராறு எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்பார். சலுகை கொடுக்கும்போது அதற்கு ஈடாக ஏதாவது கேட்பதும் வியாபாரத்தில் சகஜம்.

பேசி முடித்த சமரசத்தில் ரிலீஸ் வருவது இயல்பு என்பதற்கு மெக்டொனால்ட்ஸ் - விக்ரம் பக்‌ஷி விவகாரம் உதாரணம். 1995-ல் பாதிக்குப் பாதி கூட்டு நிறுவனமாக வட, கிழக்கு இந்தியாவில் கடைகளை நடத்தத் தொடங்கினார்கள். 2013-ல் பக்‌ஷி நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2017 ஜூலையில் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. அடுத்த மாதமே 169 கடைகளுக்கான ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தை மெக்டொனால்ட்ஸ் ரத்து செய்தது. 2019 மே மாதம் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம். பக்‌ஷியின் பங்கை மெக்டொனால்ட்ஸ் வாங்கிக்கொண்டது, இரு தரப்பும் வழக்குகளை முடித்துக்கொள்ள ஒத்துக்கொண்டன.

இங்கே இரண்டு பக்கமும் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். என்ன சண்டை என்று இருவருக்கும் தெரியும். விட்டுக்கொடுத்ததற்கு ஒரு விலை பேசப்பட்டது. தங்களுக்குப் பக்‌ஷியிடமிருந்து கடன் பாக்கி வரவேண்டியிருக்கிறது என்று ஹட்கோ நிறுவனம் அந்தச் சமரசத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்ததையும் கவனியுங்கள். இரண்டு பேர் செய்துகொள்ளும் சமரசம் மூன்றாவது ஆளின் உரிமையை அழிக்காது.

புதுப்பித்தலுக்கு நிபந்தனையாக வரும் ரிலீஸில் இந்த மூன்றும் இருப்பதில்லை. சண்டை என்னவென்று உங்களுக்குத் தெரியாது, தனி வக்கீல் இல்லை, விட்டுக்கொடுப்பதற்கு விலையும் கிடையாது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. கையெழுத்துக்கு முன் என்னென்ன தகவல் தர வேண்டும், என்னென்ன நிபந்தனை போடக்கூடாது என்று சொல்லும் ஃபிரான்சைஸ் விதி எதுவும் இல்லை. நாம் போய் நிற்க வேண்டியது 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திடம்தான்.

பிரிவு 63: தனக்கு வரவேண்டியதை முழுதாகவோ பகுதியாகவோ ஒருவர் விட்டுக்கொடுக்கலாம். அதற்கு ஈடாக எதுவும் வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதாவது, "எனக்கு ஒரு ரூபாய்கூடத் தரலை, அதனால ரிலீஸ் செல்லாது" என்ற வாதம் இங்கே எடுபடுவது கடினம்.

பிரிவுகள் 15 முதல் 19-ஏ வரை: மிரட்டல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல் ஆகியவற்றால் வாங்கிய சம்மதத்தை நீங்கள் ரத்து செய்யலாம். 'செய்யலாம்' என்பதைக் கவனியுங்கள். ரிலீஸ் தானாகச் செல்லாமல் போகாது. நீங்கள் கிளம்பிப் போய் நிரூபிக்க வேண்டும்.

பிரிவு 23: பொதுநலனுக்கு விரோதமான, சட்டத்தைத் தோற்கடிக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது. குற்ற வழக்கைக் கைவிடுவதாகப் பேரம் பேசுவது செல்லாது என்பதற்கு அந்தப் பிரிவே உதாரணம் தருகிறது. ஆகவே, ரிலீஸ் கொடுத்ததாலேயே ஒரு ஏமாற்று வேலையைப் பற்றிப் போலீஸில் புகார் தரும் வழி அடைபடுவதில்லை.

பிரிவு 28: உரிமையை நிலைநாட்ட நீதிமன்றம் போவதை முழுமையாகத் தடுக்கும் ஒப்பந்தமும், இத்தனை நாளுக்குள் கேட்காவிட்டால் உரிமையே போய்விடும் என்று சொல்லும் ஒப்பந்தமும் செல்லாது. இரண்டாவது பகுதி 1997 திருத்தத்தில் வந்தது. ஏற்கெனவே உருவான உரிமையை விட்டுக்கொடுப்பதை இந்தப் பிரிவு தடுப்பதாகச் சொல்ல முடியாது. இனிமேல் வரப்போகும் உரிமைகளையும் சேர்த்து முன்கூட்டியே அடைக்கும் ரிலீஸ் என்றால், இந்தப் பிரிவைக் காட்டி வாதாட இடம் உண்டு.

கையெழுத்துப் போட்ட பிறகு கோர்ட் உதவுமா?

"வேற வழியில்லாமதான் கையெழுத்துப் போட்டேன்" என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை பரிசீலித்திருக்கிறது. நாம் இங்கே பார்ப்பவை ஃபிரான்சைஸ் வழக்குகள் அல்ல, இன்சூரன்ஸ் வழக்குகள். ஆனால் கேள்வி ஒன்றுதான்: 'முழுத் தீர்வு' என்று எழுதிக் கொடுத்தவர் மறுபடி கேட்க முடியுமா?

2008-ல் வந்த போகாரா பாலிஃபேப் தீர்ப்பு ஃபிரான்சைஸ் எடுப்பவருக்குத் தெம்பு தருவது. பணம் வேண்டுமென்றால் முதலில் 'முழுத் தீர்வு' ரசீதில் கையெழுத்துப் போடு என்று இன்சூரன்ஸ் நிறுவனம் சொன்னதாகப் புகார். நிதி நெருக்கடியில் இருப்பவரிடம், ஒத்துக்கொண்ட தொகையையே பிடித்து வைத்துக்கொண்டு வாங்கிய ரசீது சுயவிருப்பத்தில் தந்தது ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. விவகாரம் ஆர்பிட்ரேஷனுக்குப் போனது.

2014-ல் வந்த ஜீனஸ் பவர் தீர்ப்பு மறுபக்கம். அங்கே கையெழுத்துப் போட்டவர் சுமார் மூன்று வாரம் கழித்துத்தான் முதன்முறையாக எதிர்ப்புத் தெரிவித்தார். மிரட்டல், நெருக்கடி என்று வெறுமனே சொன்னால் போதாது, விவரமும் ஆதாரமும் வேண்டும் என்று சொல்லி, ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்ப நீதிமன்றம் மறுத்துவிட்டது.

2024 ஜூலையில் கிரிஷ் ஸ்பின்னிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தியது. முழுத் தீர்வு ரசீது கொடுத்துவிட்டார் என்பதாலேயே ஒப்பந்தத்தில் உள்ள ஆர்பிட்ரேஷன் பிரிவு செத்துப்போகாது. அந்த ரசீது உண்மையான சம்மதத்தில் வந்ததா என்பதை ஆர்பிட்ரேட்டரே முடிவு செய்வார்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கதவு முழுதாக மூடவில்லை. ஆனால் ஆதாரச் சுமை உங்கள் தலையில். அதோடு, ஒரு தனியாள் வியாபாரி ஆர்பிட்ரேட்டருக்கும் வக்கீலுக்கும் கட்டணம் கொடுத்து 10 லட்சத்துக்காகப் போராட வேண்டும். அவருடைய கடையின் உரிமமோ அதே கம்பெனி கையில். சட்டத்தில் வழி இருந்தும் பலர் போகாமல் விடுவதற்கு இதுவே போதுமான காரணம்.

அமெரிக்காவில் எப்படி?

ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்களின் வார்த்தைகளுக்கு அமெரிக்கா பிறந்த வீடு மாதிரி. புதுப்பித்தலுக்கும் விற்பனைக்கும் ஜெனரல் ரிலீஸை நிபந்தனையாக வைப்பது அங்கே நெடுங்கால வழக்கம். ஆனால் அங்கே அந்தப் பிரிவைச் சுற்றி வேலியும் இருக்கிறது.

மத்திய அரசின் ஃபிரான்சைஸ் விதிப்படி, கையெழுத்துக்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்னால் விவர ஆவணம் கொடுத்தாக வேண்டும். புதுப்பித்தல், விற்பனை நிபந்தனைகள் அதில் அட்டவணையாக இருக்கும். கலிஃபோர்னியாவின் ஃபிரான்சைஸ் சட்டம் தரும் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கச் சொல்லும் பிரிவு அங்கே செல்லாது. வாஷிங்டன் மாநிலத்தில், ஃபிரான்சைஸ் சட்ட உரிமைகளை விடுவிக்கும் ரிலீஸை வாங்கவே தடை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு, இரு தரப்பும் தனித்தனி வக்கீல் வைத்துப் பேசி முடித்த சமரசத்துக்கு மட்டும் விலக்கு.

கலிஃபோர்னியா சிவில் சட்டத்தில் 1542 என்று இன்னொரு பிரிவு உண்டு. கையெழுத்தின்போது தெரியாத, தெரிந்திருந்தால் முடிவையே மாற்றியிருக்கக்கூடிய உரிமைகளை ஜெனரல் ரிலீஸ் தொடாது என்பது அதன் சாரம். இதை வெளிப்படையாக விட்டுக்கொடுக்க முடியும் என்பதால் ஒப்பந்தங்களில் அப்படியும் எழுதி வாங்குகிறார்கள். ஆனாலும், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது கையெழுத்துப் போடுபவரின் கண்ணில் படும்.

நம்மூருக்கு இந்த வாசகம் வந்து சேர்ந்துவிட்டது. வேலி வரவில்லை. அமெரிக்காவில் சட்டம் செய்யும் வேலையை இங்கே உங்கள் ஒப்பந்தத்தின் வாசகமே செய்தாக வேண்டும்.

முதல் கையெழுத்துக்கு முன் என்ன கேட்கலாம்?

பிரிவை மொத்தமாக நீக்கச் சொன்னால் பெரும்பாலான கம்பெனிகள் ஒத்துக்கொள்ளாது. கீழே உள்ளவை நியாயமான கேள்விகள். ஒரு நல்ல கம்பெனி இவற்றில் பாதிக்காவது சரி சொல்லும்.

• இரு பக்கமும் விடுவிக்க வேண்டும். நான் உங்களை விடுவித்தால் நீங்களும் என்னையும் என் ஜாமீன்தாரரையும் விடுவியுங்கள்.

• 'தெரியாத' என்ற சொல்லை எடுங்கள். தெரிந்த, எழுத்தில் எழுப்பிய பிரச்னைகளுக்கு மட்டும் ரிலீஸ்.

• விதிவிலக்குப் பட்டியல் வேண்டும். டெபாசிட், கணக்கு பாக்கி, விளம்பர நிதிக் கணக்கு, கம்பெனி கட்டாத ஜி.எஸ்.டி., பொருள் கெட்டதால் வாடிக்கையாளர் என்மேல் போடும் வழக்கு, மோசடி ஆகியவை ரிலீஸுக்குள் வராது.

• தேதி எல்லை வேண்டும். ரிலீஸ் கையெழுத்தாகும் நாள் வரை நடந்ததற்கு மட்டும். புதிய ஒப்பந்தத்தின் கீழ் வருபவை சேராது.

• படிவத்தை இப்போதே இணையுங்கள். பல ஒப்பந்தங்களில் "நிறுவனம் அவ்வப்போது நிர்ணயிக்கும் படிவத்தில்" ரிலீஸ் தர வேண்டும் என்று இருக்கும். அந்தப் படிவம் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் விதிவிலக்குப் பட்டியலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு பிராண்டோடு நேரடி ஒப்பந்தம் என்றால், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், ஆர்பிட்ரேஷன் எந்த ஊரில் என்பதையும் பாருங்கள். சட்டம் வேறு நாட்டுடையது என்றால், மேலே சொன்ன இந்தியப் பிரிவுகளை நம்பியிருக்க முடியாது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாச்சு, புதுப்பித்தல் வருகிறது என்றால்?

ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். முக்கியமான வேலை ஒன்றுதான்: எழுத்தில் கேள்வி கேட்பது.

இதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, சொல்ல வேண்டிய கடமை இல்லாதபோது ஒருவர் வெறுமனே வாயை மூடிக்கொண்டிருப்பது மோசடி ஆகாது. சப்ளையர் தள்ளுபடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, கம்பெனி சொல்லவில்லை என்றால், பிறகு மோசடி என்று நிரூபிப்பது கஷ்டம். 19-வது பிரிவோ, சாதாரணக் கவனத்தில் உண்மையைக் கண்டுபிடிக்க வழி இருந்ததா என்றும் சில சூழல்களில் பார்க்கிறது. அதுவே, நீங்கள் மெயிலில் கேட்டு, "அப்படி எதுவும் வாங்குவதில்லை" என்று அவர்கள் பொய்யாகப் பதில் எழுதியிருந்தால், கதையே வேறு. அந்தப் பதிலை நம்பித்தான் ரிலீஸ் கொடுத்தேன் என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. பதிலே வராவிட்டாலும், நீங்கள் கேட்டதற்குச் சாட்சி இருக்கும்.

கேட்க வேண்டியவை: விளம்பர நிதியின் ஆண்டுக் கணக்கு. கட்டாய சப்ளையர்களிடமிருந்து கம்பெனிக்கு வரும் தள்ளுபடி, கமிஷன். உங்கள் ஏரியாவுக்குள் பிராண்டின் வேறு விற்பனை வழிகள். இரு தரப்பு லெட்ஜரும் ஒத்துப்போகிறதா என்ற உறுதிக் கடிதம். ஜி.எஸ்.டி. பக்கம் உங்கள் ஆடிட்டரை ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யோடு இன்வாய்ஸ்களை ஒப்பிடச் சொல்லுங்கள். கம்பெனி ரிட்டர்னில் காட்டாமல் விட்டவை அதில் தெரிந்துவிடும்.

பிரச்னை இருப்பது தெரிந்தும் கையெழுத்துப் போட வேண்டிய நிலை வந்தால், எதிர்ப்பைக் கையெழுத்துக்கு முன்பே மெயிலில் எழுதுங்கள். என்ன தொகை, ஏன் வேறு வழியில்லை, மறுத்தால் என்ன நடக்கும் என்று கம்பெனி சொன்னது என்பதைத் தேதியோடு குறிப்பிடுங்கள். முன்பே முடியாவிட்டால் அன்றைக்கே, மறுநாளாவது அனுப்புங்கள். ஜீனஸ் பவர் வழக்கில் தாமதம் எப்படி எதிராகப் போனது என்று பார்த்தோம். ஒப்பந்தம் தொடர்பான வழக்குகளுக்குக் காலவரம்பு பொதுவாக மூன்று வருடம் என்பதையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கடையை விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கம்பெனிக்கு ரிலீஸ் கொடுத்துவிட்டு வெளியேறினாலும், உங்கள் பெர்சனல் கேரண்டி தானாக முடிந்துவிடாது. கேரண்டியிலிருந்து உங்களையும் குடும்பத்தையும் விடுவிக்கும் கடிதத்தை அதே நாளில், அதே மேசையில் கேட்டு வாங்குங்கள். பேங்க் லோனுக்கும் கடை வாடகைக்கும் தந்த கேரண்டி தனி. அதை பேங்க்கிடமும் கட்டட ஓனரிடமும்தான் பேசி முடிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஒரு வக்கீலுக்கு ஆகும் செலவு, கடை போர்டுக்கு ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அவரிடம் போகும்போது 'புதுப்பித்தல்', 'உரிமை மாற்றம்', 'முடிவுக்குக் கொண்டுவருதல்' என்ற மூன்று தலைப்புகளை மார்க் பண்ணி எடுத்துப் போங்கள். பிராண்ட் நிறுவனத்தின் வக்கீல் உங்களுக்கு விளக்கம் சொல்ல முன்வந்தால் நன்றி சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் சொந்த வக்கீலிடம் அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள்.